ஓசூர் மோல்டும் ஒரு பிரெஞ்சுச் சொல்லும்

பக்கத்து வீட்டுப் பையன் சிப்காட் பக்கம் ஒரு சின்ன டூல் ரூமில் டிசைனராக இருக்கிறான். போன வாரம் அவனுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனவன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு வட்ட டப்பா. "60 மில்லிமீட்டர் டப்பாவுக்கு 60.9-ல குழி வெட்டணும் தாத்தா. பிளாஸ்டிக் ஆறினா சுருங்கும்" என்றான்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு உடனே ஒரு சொல் ஞாபகம் வந்தது. இந்தச் சுருக்கத்துக்கு பிரெஞ்சில் 'ர்த்ரே'. ஓய்வு பெறுவது 'ர்த்ரெத்'. நானும் சுருங்கியவன்தானே!

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வார்ப்படச் சாலை பேட்டர்ன் ஆசாரிகள் தனி ஸ்கேல் வைத்திருந்தார்கள். ஒரு அடி என்று குறித்திருக்கும். உண்மையில் 1/8 அங்குலம் கூடுதல். அது வார்ப்பிரும்புக்கு. எஃகுக்கு 1/4 அங்குலம். கணக்கே போடவேண்டாம், ஸ்கேலை மாற்றி எடுத்தால்தான் வம்பு.

நம் ஊர் அப்போது தர்மபுரி மாவட்டம். 1980-ல் அசோக் லேலண்ட் வந்தது, அதே வருஷம் டிவிஎஸ் 50-யும். 1984-ல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் தொடங்கினார்கள். கடிகார இயந்திரத்துக்குத் தொழில்நுட்பம் தந்தது பிரான்ஸ் எபோஷ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி. திரையில் வளைவு வரையும் கணக்கும் பிரெஞ்சுக்காரர்களுடையதே. சித்ரோயனில் தெ காஸ்தெல்ழோ 1959-லேயே கண்டுபிடித்தார், கம்பெனி ரகசியமாக வைத்தது. ரெனோவில் இருந்த பெஸியே வெளியிட்டதால் பெயர் அவருக்குப் போயிற்று. ஆபீஸில் இப்படி எத்தனை பார்த்திருப்போம்!

பையன் ஒரு பழைய கதை சொன்னான். மூடிக்கும் டப்பாவுக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் கிளியரன்ஸ் விட்டிருந்தார்களாம். இரண்டுமே பாலிப்ரோப்பிலீன் என்று 1.5 சதவீதம் கூட்டி வெட்டினான். நடுவில் வாடிக்கையாளர் டப்பாவை மட்டும் ஏபிஎஸ்ஸுக்கு மாற்றியதை போனில் சொல்லியிருக்கிறார். யாரும் எழுதி வைக்கவில்லை. ஏபிஎஸ் அரை சதவீதம்தான் சுருங்கும். டப்பா 60.6-ல் வந்தது, மூடியின் உள்வட்டமோ 60.3. மூடி ஏறவே இல்லை.

குழியில் இரும்பை இன்னும் எடுக்கலாம், எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அதனால்தான் அனுபவசாலிகள் முதலில் குழியைக் கொஞ்சம் சின்னதாகவும், உள்ளே போகும் கோரைக் கொஞ்சம் பெரிதாகவும் வெட்டி, ஒரு டப்பா அடித்துப் பார்த்துவிட்டுத் தேய்ப்பார்களாம். இவன் நேரே கடைசி அளவுக்கே போய்விட்டான். கட்டி வீண். முதலாளி வட்டிக்கு வாங்கிப் புது எஃகு போட்டார், பையனுக்கு இரண்டு மாதம் சம்பளம் தள்ளிப்போனது.

இப்போது பிளாஸ்டிக்கின் பெயரை எழுத்தில் வாங்காமல் அவன் மவுசைத் தொடுவதில்லை.

அந்தச் சுருக்க ஸ்கேல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.