‘கோஜிரா’ பிறந்த ஆண்டு

ராட்சத விலங்கொன்று டோக்கியோ நகரை மிதித்து நசுக்கும் திரைப்படத்தை நான் வரலாற்றுச் சான்றாகக் கொள்கிறேன் என்றால், உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். ‘கோஜிரா’ என்னும் அந்த ஜப்பானியப் படம் 1954 நவம்பர் 3ஆம் நாள் வெளிவந்தது. அவ்வாண்டில் அந்நாட்டார் பட்டதை அறிந்தால் நகைப்பு அடங்கிவிடும்.

1954 மார்ச் 1ஆம் நாள் விடியற்காலையில், பசிபிக் மாகடலில் உள்ள பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டொன்றை வெடித்துச் சோதித்தது. அது ஹிரோஷிமாவில் வீசிய குண்டினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வலியது. அதனை அமைத்தவர்கள் எதிர்பார்த்ததினும் இருமடங்குக்கு மேற்பட்டது. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு மரக்கலம். அதன் பெயர் ‘ஐந்தாம் ஃபுகுர்யூ மாரு’. நற்பேறு தரும் நாகம் என்று பொருள் கூறலாம். விதி இப்படியும் கேலி செய்யும்! அதிலிருந்த 23 பேரும் மேற்குத் திசையில் பேரொளி எழக் கண்டனர். சில மணி நேரத்திற்குப் பின் வெண்ணிறச் சாம்பல் அவர்கள்மேல் பொழிந்தது. அது கதிரியக்கம் ஏறிய பவளப் பாறையின் தூள். மார்ச் 14ஆம் நாள் யாய்சு துறைமுகத்தை அடைந்தபோது அனைவரும் நோயுற்றிருந்தனர். சந்தையில் சூரை மீனை வாங்க மக்கள் அஞ்சினர். கலத்தில் கம்பியில்லாத் தந்தி இயக்கிய அய்கிச்சி குபோயாமா செப்டம்பர் 23ஆம் நாள் உயிர்நீத்தார்.

அதற்குப் பின் 41ஆம் நாள் படம் திரைக்கு வந்தது. அதன் தொடக்கம் என்ன? கப்பல் தளத்தில் மாலுமிகள் இளைப்பாறுகிறார்கள். கடல் திடீரென ஒளிர்கிறது. கப்பல் தீப்பற்றி மூழ்குகிறது. கொட்டகையில் இருந்தோர்க்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா சீனத்தில் போர்வீரராக இருந்து 1946இல் தாயகம் மீளும் வழியில் ஹிரோஷிமாவின் பாழைக் கண்டவர். விலங்கு என்பது கனத்த ரப்பர் உடைக்குள் புகுந்த நடிகர்தான். அதன் உறுமலோ, பெரிய தந்தி வாத்தியமொன்றின் நரம்பைத் தோல் கையுறையால் தேய்த்து எழுப்பிய ஓசை. இவற்றை அறிந்த பின்னும், மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கதிரியக்கம் அளக்கும் கருவியை நீட்டிவிட்டுத் தலையசைக்கும் அந்தக் காட்சியை என்னால் பொய் என்று தள்ள இயலவில்லை.

1956இல் அமெரிக்காவில் இப்படத்தை வெட்டி, ஓர் அமெரிக்கச் செய்தியாளர் பாத்திரத்தைப் புகுத்தி வெளியிட்டனர். நாகசாகியிலிருந்து தப்பியதாக ரயிலில் பேசும் பெண்ணின் சொற்கள் அதில் இல்லை. சோதனைகள் தொடர்ந்தால் மற்றொரு கோஜிரா தோன்றலாம் என்று முதிய அறிஞர் இறுதியில் கூறும் எச்சரிக்கையும் இல்லை. விலங்கை விட்டுவைத்து, அது வந்த காரணத்தை வெட்டியது எனக்கு வியப்பளிக்கவில்லை. குண்டை வெடித்த நாடு அது. மூலப்படம் அங்கே திரையரங்குகளில் பரவலாகத் திரையிடப்பட்டது 2004இல்தான்.

அந்த மரக்கலமோ, பெயர் மாற்றப்பட்டுச் சில ஆண்டுகள் பயிற்சிக் கப்பலாக ஓடி, டோக்கியோவின் குப்பை கொட்டும் தீவான யூமெனோஷிமாவில் கைவிடப்பட்டது. பொதுமக்கள் கிளர்ந்து அதைக் காத்தனர். 1976இல் அங்கேயே எழுந்த காட்சிக்கூடத்தில் அது நிறுத்தப்பட்டது.