நாய் வலிப்பும் காரணந் தேடிய வரலாறும்

ஒரு நோயின் வரலாறு மருத்துவர்களின் வரலாறு மட்டுமன்று. அந்நோயைக் கண்டு அஞ்சிய மக்களின் வரலாறுமாகும். மன்னார்த் தீவிலுள்ள உப்புக்குளம் போன்ற கரையோர ஊர்களில், ஒழுங்கைகளையும் மீன் இறங்கும் கரைகளையும் அண்டி வாழும் நாய்கள் பல. அவற்றுள் ஒன்று நுரை தள்ளி, கால்களை உதறி வீழுமாயின், ‘விசர்’ என்னும் ஒரே சொல் நோயின் காரணத்தையும் நாயின் முடிவையும் ஒருங்கே கூறிவிடும். அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்த பல காரணங்களை மனித அறிவு எவ்வாறு ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் பொருளாகும்.

பண்டையோர் இதனை அறியாதிருந்தனர் எனக் கூறுதல் பொருந்தாது. விசர்கொண்ட விலங்கின் குறிகளையும், கடியுண்டவன் நீரைக் கண்டு அஞ்சின் பிழையான் என்பதையும் சுசுருத சங்கிதை எடுத்துரைக்கின்றது. ஆயினும் காரணத்தைப் பொறுத்தவரை ஊகமே மேலோங்கி நின்றது. நாயின் நாவின் கீழுள்ள ‘புழு’வே விசருக்குக் காரணமென உரோமரான பிளினி எழுதினார், அதனை அறுத்தெறியும் வழக்கம் ஐரோப்பாவிற் பல நூற்றாண்டுகள் நீடித்தது. உண்மையில் அது புழுவன்று. நாவின் இயல்பான உறுப்பே.

ஊகத்தை விடுத்துச் சோதனையை நாடிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொடங்கிற்று. விசர்நாயின் உமிழ்நீர் நோயைக் கடத்த வல்லதென 1804இல் ஜெர்மானியரான சிங்கே காட்டினார். 1885இல் லூயி பாஸ்டர், கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவனுக்குத் தடுப்பூசி ஏற்றினார். 1903இல் நெக்ரி என்பார் நோயுற்ற மூளையின் நரம்புக் கலங்களிற் சிறப்பான நுண்ணுருக்களைக் கண்டார். அதன்பின் இறந்த நாய்க்கு விசர் இருந்ததா என்பதை ஆய்வுகூடத்திலே சோதித்தறியும் வழி பிறந்தது. ஊரார் தீர்ப்புக்கு மேலாக ஒரு சான்று கிடைத்தது எனலாம்.

இவ்வறிவு நம் பிரதேசத்தையும் வந்தடைந்தது. இந்தியாவில் 1900இல் கசௌலியிலும் 1907இற் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் தோன்றின. 1911இற் கசௌலியிலே டேவிட் செம்பிள் உருவாக்கிய தடுப்பு மருந்தே, கடியுண்டோர் வயிற்றில் நாள்தோறும் ஊசி ஏற்றும் முறையாகப் பல தலைமுறைகளின் நினைவில் நிலைத்தது. இலங்கையில் 1893இல் விசர்நோய்க் கட்டளைச் சட்டமும், 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டமும் இயற்றப்பட்டன. எனினும் 1973இல் இந்நாட்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் பணி விரிவடைந்த பின்னர், 2010களில் இத்தொகை ஆண்டொன்றுக்கு ஐம்பதிலுங் குறைந்தது. அச்சம் வெறும் மூடநம்பிக்கையன்று என்பதற்கு முன்னைய எண்ணும், அச்சத்திலும் அறிவு வலிது என்பதற்குப் பின்னைய எண்ணும் சான்றாகும்.

ஆனால் வலிப்பு அனைத்தும் விசரன்று. நம் வரண்ட வலயக் காடுகளில் வளரும் எட்டி மரம் இதனை முதலில் உணர்த்திய பொருள்களுள் ஒன்று. 1809இற் பிரான்சிலே மஜெண்டி, எட்டியோடு ஓரினமான ஜாவாத் தாவரமொன்றின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றி, அது முண்ணாணைத் தாக்கியே உடலை விறைக்கச் செய்கின்றது எனக் கண்டார். அந்நஞ்சின் சாரமே பின்னர் ஸ்ட்ரிக்னின் எனப் பெயர் பெற்றது. கிருமி எதுவுமின்றி நஞ்சினாலும் வலிப்பு உண்டாகும் என்பது இதனாற் புலனாயிற்று. தெருநாய்களைக் கொல்வதற்கு மனிதர் இட்ட நஞ்சும் பல விடங்களில் இதுவே. விசருக்கு அஞ்சியோர் வைத்த மருந்து, விசர் போன்ற தோற்றத்தையே நாய்க்கு அளித்தது வரலாற்றின் முரண்நகை.

1870இல் ஃபிரிட்சும் ஹிட்சிக்கும் நாயின் மூளைப் புறணியை மின்னாற் தூண்டி, உடலின் மறுபுறத்தே தசைகள் இயங்குவதைக் கண்டனர். மிகைத் தூண்டலால் வலிப்பும் எழுந்தது. 1905இல் கரே, நாய்க்குட்டிகளைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோய் நுண்வடிகளையும் ஊடுருவும் வைரசினால் வருவது எனக் காட்டினார். அவ்வைரசு மூளையை அடையுமாயின் தாடை துடிக்கும் வலிப்பு ஏற்படும்.

யாவற்றினும் வியப்பிற்குரியது மாவின் கதை. 1920களிலிருந்து பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு நாய்கள் திடீரென அலறி ஓடி, வலிப்புற்று வீழ்ந்தன. புழு, தொற்று, உயிர்ச்சத்துக் குறைவு எனப் பல காரணங்கள் கூறப்பட்டன. 1946இல் எட்வர்ட் மெலன்பி, கோதுமை மாவை வெண்மையாக்கச் சேர்த்த நைதரசன் முக்குளோரைட்டே காரணம் என நாய்களுக்கு அம்மாவை ஊட்டி நிறுவினார். மனிதரிடம் அவ்வலிப்புக் காணப்படாவிடினும், அமெரிக்கா 1949இலும் பிரித்தானியா 1955இன் இறுதியிலும் அம்முறையைக் கைவிட்டன. மனிதர் நாள்தோறும் உண்ட உணவின் குறையை நாயின் நோயே வெளிப்படுத்திற்று.

இவற்றுள் எதுவும் காணப்படாத வலிப்பும் உண்டு. ஆறு மாதத்திற்கும் ஆறு வயதிற்கும் இடையிலே தொடங்கி, வலிப்பு நீங்கியபின் நாயை இயல்பு நிலைக்கு மீளவிடும் இவ்வகை பெரிதும் பரம்பரை சார்ந்தது. 2005இற் குள்ளநாய் இனமொன்றிலும், 2011இல் இத்தாலிய நாயினமொன்றிலும் பரம்பரை வலிப்பிற்கான மரபணுக் குறைகள் கண்டறியப்பட்டன. இத்தகைய நாய்களுள் பல மருந்தோடு நெடுநாள் வாழ வல்லவை. மாறாக, கரையில் எறியப்பட்ட பேத்தை மீனைத் தின்ற நாய் தசை செயலிழந்து கிடப்பின் அது வலிப்பேயன்று, வாதம்.

இவ்வேறுபாடுகள் ஏட்டறிவாக நின்றுவிடக் கூடாதவை. வீழ்ந்த நாயெல்லாம் விசர்நாயெனக் கொள்ளின் குற்றமற்ற உயிர் கல்லடியால் மடியும். விசர்நாயை வெறும் வலிப்பெனக் கொள்ளின் கடியுண்ட குழந்தை மடியும். நோயுற்ற நாயைத் தொடாது விலகுதல், கடியுண்டால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீருங்கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல், நாயைக் கொல்லாது அடைத்துவைத்துக் கவனித்தல் என்பன இவ்வரலாறு தரும் நடைமுறைப் பாடங்கள். விசர் முற்றிய நாய் பெரும்பாலும் பத்து நாட்களுள் இறந்துவிடும். இறவாது தேறிய நாய், கடித்த வேளையில் விசர் பரப்பவில்லை என்பதற்குத் தானே சாட்சியாகின்றது.

ஒரு சொல்லைப் பல காரணங்களாகப் பிரிப்பதற்கு மனித குலத்திற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றன. உப்புக்குளத்து ஒழுங்கையில் வீழ்ந்து துடிக்கும் நாயொன்றின் முன், கல்லை எடுக்குமுன் காரணத்தை வினவும் ஒருவன் நிற்பானாயின், அந்நெடுங்கால உழைப்பு அவ்வூரையும் வந்தடைந்தது எனலாம்.