காவலனும் கள்வனும் ஒன்றானபோது

மார்ட்டின் ஸ்கோர்செஸியின் 'த டிபார்ட்டட்' (2006), பொலிஸாரிடையே பாதாள உலகத்தின் ஆளும், பாதாள உலகத்தினுள் பொலிஸின் ஆளும் ஊடுருவியிருக்கும் கதை. 2002 இல் ஹொங்கொங்கில் வெளியான 'இன்பேர்னல் அஃபேர்ஸ்' படத்தின் மறு ஆக்கமான இது, சிறந்த திரைப்படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. இதில் ஜாக் நிக்கல்சன் ஏற்ற பாத்திரத்துக்கு ஓரளவு மூலமாயிருந்தவர், பொஸ்டன் பாதாள உலகத் தலைவர் ஜேம்ஸ் 'வைட்டி' பல்ஜர்.

பல்ஜரின் வரலாறோ படத்தினும் கொடியது. அவர் தமது ஆளைப் பொலிஸில் சேர்த்துவிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. இத்தாலிய மாபியாவை ஒடுக்கவென 1975 இல் எஃப்.பி.ஐ. தானாகவே அவரைத் தகவலாளியாக்கியது. அவரைக் கையாண்ட அதிகாரி ஜோன் கொனொலி, அதே தென் பொஸ்டனில் வளர்ந்தவர். நாளடைவில் யார் யாருக்கு உளவு சொன்னார் என்பதே மயங்கிப்போயிற்று. 1982 இல் வர்த்தகர் ஒருவரின் கொலைக்கு வழிவகுத்த தகவலைக் கசியவிட்டமைக்காக, 2008 இல் புளோரிடா நீதிமன்றம் கொனொலியைக் குற்றவாளியாகக் கண்டது. 1994 இல் கைதாகவிருந்த பல்ஜர் தப்பியோடியதும் அவரது எச்சரிக்கையினாலேயே. 16 ஆண்டுகள் கழித்து, 2011 இல்தான் பல்ஜர் பிடிபட்டார். 11 கொலைகளில் அவருக்குப் பங்குண்டு என்பது 2013 இல் நிரூபணமாயிற்று. 2018 இல் சிறையில் கொல்லப்பட்டார்.

படத்தில் ஊடுருவியவன் இறுதியில் சுடப்படுகிறான்; கணக்குத் தீர்ந்துவிடுகிறது. பொஸ்டனில் வேலியே பயிரை மேய்ந்தது. குற்றவாளியைத் தகவலாளியாக வைத்துக் காப்பாற்றும் எந்த அரசையும் நோக்கி ஒரு கேள்வி எஞ்சுகிறது: அத்தகவலுக்கு உயிரை விலையாகக் கொடுப்பவர் யார்?