ஒமியாவின் முதல் எஞ்சினும் தக்கனாவாவின் கற்கரையும்

ரயில் ஆர்வலரைக் குறிக்க ஜப்பானிய மொழிக்கு ஒரு சொல் போதவில்லை. பயணம் செய்வதிலேயே இன்பம் காண்பவர் 'நோரிதெத்சு'. தண்டவாள ஓரத்தில் கேமராவோடு காத்துக் கிடப்பவர் 'தோரிதெத்சு'. சக்கர ஒலியையும் நிலைய அறிவிப்புகளையும் பதிவுசெய்து சேர்ப்பவர் 'ஒத்தோதெத்சு'. மூன்றின் ஈற்றிலும் நிற்கும் 'தெத்சு' இரும்பு என்னும் பொருளது. இரும்பு வழி எனப் பொருள்படும் 'தெத்சுதோ' என்ற சொல்லின் முற்பாதி அது. தமிழின் இருப்புப்பாதையும் இதே வார்ப்பில் அமைந்த சொல்லே. இந்த 'தெத்சு'வுக்குரிய எழுத்தைப் பிரித்தால் 'பொன்' என்றும் 'இழத்தல்' என்றும் படிக்கலாம். பணத்தை இழக்கும் தொழில் என்ற அந்த அபசகுனத்தைத் தவிர்க்கவே ஜப்பானின் ஜேஆர் ரயில் நிறுவனங்களில் பெரும்பாலானவை தம் பெயர்ச் சின்னத்தில் அவ்வெழுத்தைச் சற்றே மாற்றி எழுதுகின்றன.

மேற்சொன்ன வகையினர் அனைவரும் ஒரு நாளையேனும் ஒதுக்கிச் செல்லும் இடம், டோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா மாநிலத்தின் ஒமியாவில் உள்ள ரயில் அருங்காட்சியகம். 1894 முதல் ரயில் பணிமனை இயங்கிவரும் ஊர் ஒமியா. அருங்காட்சியகம் அங்கே திறக்கப்பட்டது 2007 அக்டோபர் 14 அன்று. நாள் தற்செயலாக அமைந்ததன்று. ஜப்பானின் முதல் ரயில் பாதை 1872-இல் முறைப்படி திறக்கப்பட்டது அதே அக்டோபர் 14-இல்தான். ஆண்டுதோறும் அந்நாளே ரயில் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

பெருங்கூடத்தின் நடுவே, எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடையில் கன்னங்கரிய சி57 135 நிற்கிறது. 1975 டிசம்பர் 14 அன்று ஹொக்கைடோ தீவில் ஜப்பானிய தேசிய ரயில்வேயின் கடைசி நீராவிப் பயணிகள் ரயிலை இழுத்த எஞ்சின் இது. குறிப்பிட்ட வேளைகளில் இதன் ஊதல் ஒலிக்க, மேடை மெல்லச் சுழலும். கூட்டம் முழுவதும் அங்கே திரளும். வரலாற்றில் நாட்டமுள்ள ஆர்வலர் நெடுநேரம் நிற்பது வேறோரிடத்தில். பேருருவங்களுக்கு நடுவே குழந்தையின் விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும் சிறிய எஞ்சின் ஒன்று உண்டு. அதுதான் ஜப்பானின் 'முதலாம் எண் எஞ்சின்'.

1871-இல் இங்கிலாந்தின் நியூட்டன்-லெ-வில்லோசில் வல்கன் பவுண்டரி அதை வார்த்தது. ஷிம்பாஷி–யோக்கொஹாமா பாதைக்காக ஐந்து பிரித்தானியத் தொழிலகங்களிலிருந்து தருவிக்கப்பட்ட பத்து எஞ்சின்களுள் அது ஒன்று. அதே வல்கன் பவுண்டரிதான் பம்பாய்–தானே பாதையில் 1853-இல் ஓடிய முதல் ரயிலுக்கும் எஞ்சின்களை அனுப்பியது. அந்த பம்பாய் எஞ்சின்கள் எதையும் இன்று எந்த அருங்காட்சியகத்திலும் காண இயலாது. அவற்றுக்குப் பிந்தைய ஜப்பானிய எஞ்சின் பிழைத்திருப்பதற்குக் காரணம் அரசின் அக்கறை அன்று. ஏழ்மையான சிற்றூர் ரயில் ஒன்றின் தேவை.

வலிமைமிக்க எஞ்சின்கள் வந்து சேர்ந்ததும் முதலாம் எண் பயனற்றதாயிற்று. 1911-இல் அது கியூஷு தீவின் நாகசாக்கி மாநிலத்தில் இயங்கிய ஷிமாபாரா ரயில் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அங்கே ஏறத்தாழ இருபதாண்டுகள் ஊர் மக்களைச் சுமந்தது. அதன் வரலாற்று மதிப்பு உணரப்பட்டு 1930-இல் அரசு திரும்பப் பெற்றபோது, நிறுவனத் தலைவர் உவெக்கி மொத்தொதாரோ அதன் பக்கவாட்டில் ஒரு தகடு பொருத்தி அனுப்பினார். பிரிவின் துயர் அளவிடற்கரியது என்னும் பொருளில் சில எழுத்துகளும், நாளும், அவர் பெயரும் மட்டுமே அதில் உள்ளன. அரசு அந்த எஞ்சினை 1997-இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. பொறியியல் வரைபடங்கள் எவையும் சொல்லாத ஒன்றை அத்தகடு சொல்கிறது. தலைநகரின் பார்வையில் அது தொடக்கத்தின் சின்னம். ஷிமாபாராவுக்கோ அன்றாடம் உழைத்த ஓர் எஞ்சின். அருங்காட்சியகம் அத்தகட்டை அகற்றாமல் விட்டது மெச்சத்தக்கது.

எஞ்சின் மட்டுமன்றி அருங்காட்சியகமும் இடம்பெயர்ந்ததே. 1921-இல் டோக்கியோ நிலையத்தின் உயர்பாதைக்கு அடியில் தொடங்கப்பட்டது; 1923-ஆம் ஆண்டுப் பெருநிலநடுக்கத்தில் சேகரத்தை இழந்தது; 1936-இல் மான்சேய்பாஷிக்கு மாறியது; பின்னர் போக்குவரத்து அருங்காட்சியகம் என்ற பெயரில் 2006 வரை அங்கேயே இயங்கியது.

கூடத்தின் தொடக்கப் பகுதி மொழியியல் மாணவர்க்கும் விருந்தாகும். மெய்ஜி காலத் தொடக்கத்தில் மக்கள் ரயிலை 'ஒக்காஜோக்கி' என்றனர். தரையில் செல்லும் நீராவி என்பது அதன் பொருள். 1853-இல் அமெரிக்கத் தளபதி பெர்ரியின் கரிய கப்பல்கள் வந்தபோதே நீராவிக் கப்பலை அவர்கள் அறிந்துவிட்டனர். எனவே ரயில் அவர்களுக்குக் கரையேறிய கப்பலாகத் தோன்றியது. அடுத்த ஆண்டு பெர்ரி, நிஜ எஞ்சினின் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரி ஒன்றைத் தண்டவாளத்தோடு கொண்டுவந்து யோக்கொஹாமாவில் ஓட்டிக் காட்டினார். கவாதா ஹச்சினொசுகே என்னும் அலுவலர் அதன் பெட்டிக் கூரைமேல் அமர்ந்து வலம்வந்தார். பிற்காலத்தில் நிலைபெற்ற சொல் 'கிஷா', அதாவது ஆவிவண்டி. அதே இரண்டு எழுத்துகள் இன்றைய சீனத்தில் மோட்டார் காரைக் குறிக்கும். சீனருக்கு ரயில் நெருப்புவண்டி. ஒரே இயந்திரத்தில் ஜப்பானியர் ஆவியையும், சீனர் நெருப்பையும், தமிழர் புகையையும் கண்டு பெயரிட்டுள்ளனர்.

தண்டவாள இடைவெளி மற்றொரு செய்தி. முதல் பாதைக்குத் தலைமைப் பொறியாளராக 1870-இல் வந்த எட்மண்ட் மொரேல் என்னும் ஆங்கிலேயர், பாதை திறக்கப்படுவதைக் காணாமலே மறு ஆண்டு காசநோயால் மறைந்தார், அகவை முப்பது. தண்டவாளக் கட்டைகளுக்கு இரும்பை இறக்குமதி செய்ய வேண்டா, உள்நாட்டு மரமே போதும் என்று அறிவுறுத்தியவர் அவர். 1,067 மில்லிமீட்டர் குறுகிய பாதை தெரிவுசெய்யப்பட்டதும் அவர் காலத்தில்தான். உரிய அறிவின்றி அதற்கு இசைந்தமைக்காக அமைச்சர் ஒகுமா ஷிகெனொபு பின்னாளில் வருந்தினார் என்பர். ஒமியாவில் சற்றுத் தொலைவில் நிற்கும் 0 வரிசை ஷின்கான்சென் 1,435 மில்லிமீட்டர் பாதையில் ஓடியது. டோக்கியோ–ஒசாகா வழித்தடத்தில் 1964 அக்டோபர் 1-ஆம் நாள் அது ஓடத் தொடங்கும் வரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தனையும் கூரையின்கீழ்க் காக்கப்பட்டுள்ளன. முதலாம் எண் எஞ்சின் ஓடிய தரை அங்கு இல்லை. அது எங்கே போயிற்று என்ற வினாவே இந்த வரலாற்றின் கடினமான பகுதி.

1872-இல் ஷிம்பாஷியிலிருந்து யோக்கொஹாமா வரையிலான 29 கிலோமீட்டரை ரயில் 53 நிமிடங்களில் கடந்தது. வழியில் தக்கனாவாவில் படைத்துறையின் நிலம் குறுக்கிட்டது. ரயிலுக்குச் செலவிடும் பணத்தைப் படைக்குச் செலவிட வேண்டும் என்ற எதிர்ப்பு அப்போது வலுத்திருந்தது; சைகோ தக்கமோரி அவ்வணியில் இருந்தார். படைத்துறை நிலத்தைத் தர மறுத்தது. ரயில் திட்டத்தை முன்னெடுத்த ஒகுமாவும் இத்தோ ஹிரொபூமியும் பின்வாங்கவில்லை; பாதை கடலுக்குள் திருப்பப்பட்டது. ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையையொட்டிய ஆழமற்ற கடலில் மண்கொட்டி, இருமருங்கும் கல்லடுக்கி ஒரு கரையை எழுப்பினர். மீனவர் படகுகள் போய்வர இடையிடையே சிறு பாலங்களும் அமைந்தன. ஆங்கிலேயரின் பொறியியலும் ஜப்பானியக் கல்தச்சரின் மரபும் சந்தித்த இடம் அது. கடல்மேல் ரயில் ஓடும் காட்சியை மூன்றாம் ஹிரொஷிகே முதலியோர் வண்ண மர அச்சு ஓவியங்களாக்கினர். பின்னர் சுற்றிலும் கடல் தூர்க்கப்பட்டது. கற்கரை ரயில் வளாகத்தின் அடியில் மறைந்தது.

2019-இல் நிலையச் சீரமைப்புப் பணியின்போது அதன் கற்கள் மீண்டும் வெளிப்பட்டன. தொடர்ந்து நடந்த அகழ்வில் சுமார் 800 மீட்டர் நீளம் கண்டறியப்பட்டது. அவ்விடத்தில் உயர்மாடிக் கட்டடங்கள் எழவிருந்தன. முழுவதையும் காக்க வேண்டும் என ஜப்பானியத் தொல்லியல் சங்கம் கோரியது. 2021-இல் எஞ்சிய பகுதி, பழைய ஷிம்பாஷி நிலையத் தளத்தோடு இணைத்து, தேசிய வரலாற்றிடமாக அறிவிக்கப்பட்டது. 2022 ஜனவரியில் நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இகோமாஸ் எச்சரிக்கை விடுத்தது. முடிவில், பாலம் உள்ள சுமார் 80 மீட்டரும் மற்றோரிடத்தில் சுமார் 40 மீட்டரும் இருந்த இடத்திலேயே காக்கப்பட்டன. சைகைக்கம்பம் நின்ற சுமார் 30 மீட்டர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. ஏனைய பெரும்பகுதி அளந்து பதிவு செய்யப்பட்டபின் பிரிக்கப்பட்டது.

அந்நிலத்தின் உரிமையாளரும் கட்டடத் திட்டத்தை நடத்தியவரும் ஜேஆர் கிழக்கு நிறுவனம். ஒமியா அருங்காட்சியகத்தை நடத்தும் பண்பாட்டு அறக்கட்டளையும் அந்நிறுவனம் சார்ந்ததே. இதை வஞ்சகம் எனப் பெயரிடுவது எளிது, ஆனால் பொருந்தாது. காக்கும் மனமும் காசும் அவர்களிடம் இருந்தன என்பதற்கு ஒமியாவே சான்று. காரணம் வேறிடத்தில் உள்ளது. எஞ்சினை ஷிமாபாராவிலிருந்து கொண்டுவர முடிந்தது. அரங்கில் அது சில சதுர மீட்டரே அடைத்துக்கொள்ளும். கற்கரைக்கோ அது நின்ற இடமே பொருள்; அவ்விடம் டோக்கியோவின் மிக விலையுயர்ந்த நிலங்களுள் ஒன்று. நகர்த்தக்கூடியதை மட்டுமே மரபு எனக் கொள்ளும் பழக்கத்துக்கு இரு பொருள்களின் வேறுபட்ட விதியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ரயில் வரலாற்றை எஞ்சின்களின் வரலாறாக மட்டும் எழுதும் ஆய்வுகளும் இப்பழக்கத்துக்குத் துணைபோகின்றன. படைத்துறையோடு நிகழ்ந்த பிணக்கும், மீனவர்க்காக விடப்பட்ட பாலவழிகளும் எந்த எஞ்சினிலும் பொறிக்கப்பட்டிருக்கவில்லை.

மாலையில் ஒமியாவிலிருந்து புறப்படும் ஆர்வலர் கெய்ஹின்–தொஹொக்கு தடத்தின் நீலக்கோடிட்ட ரயிலில் ஏறினால், இறங்கி மாறாமலேயே, 2020-இல் திறக்கப்பட்ட தக்கனாவா கேட்வே நிலையத்தை அடையலாம். அங்கிருந்து சிறிது தொலைவில், கண்ணாடிக் கோபுரங்களின் அடிவாரத்தில், பாலத்தின் இருபுறச் சுவர்க்கற்கள் நிற்கின்றன. அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்த கடல் இன்று கண்ணுக்கெட்டும் தொலைவில் இல்லை.