நம் கணக்கும் ஓர் அமானிதம்தான்



சில மாதங்களுக்கு முன் பாடசாலை இடைவேளையில் எமக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எம்மிடம் படிக்கும் பிள்ளையின் தாய் இணையத்தில் எடுத்த கடனைக் கட்டவில்லையாம், "நீங்கள் சொல்லி வையுங்கள் டீச்சர்" என்றார் ஒருவர். எமது இலக்கம் அவருக்கு எப்படிக் கிடைத்தது? கடன் தரும் ஆப்பைப் போடும்போது, கேட்ட அனுமதியையெல்லாம் அந்தத் தாய் கொடுத்திருக்கிறார். தொலைபேசியிலிருந்த இலக்கங்கள் அத்தனையும் போய்விட்டன. அதன் பிறகு அவர் எம் முகத்தைப் பார்த்துப் பேசவே கூசினார்.

நம் கொடுக்கல் வாங்கலை அடுத்தவர் அறிந்து வைத்திருப்பது இன்று தொடங்கியதல்ல. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

வெள்ளைக்காரர் காலத்தில் கொழும்பு வங்கிகள் நம் நாட்டவருக்கு நேரடியாகக் கடன் கொடுத்தது குறைவு. வங்கியில் சிறாப்பர் ஒருவர் இருப்பார். யாரை நம்பலாம், யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் பிணை நின்றால் செட்டியாருக்குப் பணம் கிடைக்கும். செட்டியார் அதைக் கூடிய வட்டிக்கு ஊர் வியாபாரிகளுக்குக் கொடுப்பார். 1925இல் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிந்தபோது வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. நாணயமாக நடந்த சின்ன வியாபாரிக்கோ, தன் நாணயத்தைக் காட்டக் கையில் எதுவுமில்லை.

1934இன் வங்கி ஆணைக்குழு நாட்டுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்றது. 1939இல் இலங்கை வங்கி பிறந்தது. கொழும்புக்கு வெளியே அதன் முதல் கிளை 1941இல் திறக்கப்பட்டது நம் கண்டியில்தான்.

அடுத்த பெரிய மாற்றம் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம். அதனால் உருவானதுதான் நாம் 'கிரிப்' என்று சொல்லும் கொடுகடன் தகவல் பணியகம். தெற்காசியாவில் இப்படி அமைந்த முதலாவது பணியகம் இதுவே. பல வங்கிகளிலும் லீசிங் கம்பனிகளிலும் நாம் எடுத்த கடன்கள் அங்கே ஒன்றுசேர்கின்றன. "கிரிப்பில் பெயர் விழுந்துவிட்டது" என்று பயப்படுகிறோம். ஆனால் ஒழுங்காகக் கட்டியவரின் விபரமும் அங்கே இருக்கிறது. நமது அறிக்கையை நாமே கேட்டு வாங்கிப் பார்க்கவும் முடியும்.

ஆனாலும் கிரிப் முக்கியமாகச் சொல்வது கடனைத்தான். கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருப்பவர் ஒரு வங்கியில் தினமும் காசு போடுவார், இன்னொரு வங்கியில் சேமிப்பார். இரண்டையும் சேர்த்துக் காட்ட முடிந்தால், கடனே எடுக்காத அவரும் தன் வருமானத்தை நிரூபிக்கலாம்.

இதற்காக வெளிநாடுகளில் முதலில் வந்த செயலிகள் வாடிக்கையாளரின் கடவுச்சொல்லையே வாங்கிக்கொண்டு கணக்குக்குள் நுழைந்தன. வீட்டுச் சாவியை அந்நியனிடம் கொடுப்பது போன்றது அது. பிரித்தானியா 2018 ஜனவரியில் முறையை மாற்றியது. ஒன்பது பெரிய வங்கிகள், வாடிக்கையாளர் சம்மதித்தால், அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்குப் பாதுகாப்பான வழியில் விபரம் கொடுக்க வேண்டும் என்றானது. 'திறந்த வங்கிச் சேவை' என்பது இதுதான். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2016இல் விதி வகுத்து, 2021 செப்டெம்பரில் இது நடைமுறைக்கு வந்தது. அங்கே நடுவில் நிற்கும் நிறுவனம் விபரத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், பிரித்துப் பார்க்க முடியாது. என்ன காரணத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பது சம்மதத்திலேயே எழுதப்பட்டிருக்கும். சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும்.

நம் நாட்டிலும் ஒரே செயலியில் பல வங்கிக் கணக்குகளை இணைத்துப் பணம் செலுத்துகிறோம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. ஆனால் அதன் முக்கியமான பகுதிகள் உடனே நடைமுறைக்கு வரவில்லை.

சிறாப்பர் காலத்தில் நம்மைப் பற்றிய விபரத்தை யாரும் நம்மிடம் கேட்டு எடுக்கவில்லை. இன்று கேட்கிறார்கள், ஆனால் நாம் வாசிக்காமலே 'ஆம்' என்கிறோம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி குர்ஆன் நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. எழுதியதை யார் கையில் கொடுக்கிறோம் என்பதிலும் அதே கவனம் வேண்டாமா?

அடுத்த முறை ஒரு ஆப் அனுமதி கேட்டால் மூன்று கேள்வி கேளுங்கள். கேட்பவர் யார்? எதற்கு? எதுவரைக்கும்? கடவுச்சொல்லையும் ஓடிபி இலக்கத்தையும் எவருக்கும் சொல்லாதீர்கள். வீட்டில் உம்மாமாருக்கும் தாத்தாமாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரையும் கடன் சுமையிலிருந்து காப்பானாக.