கலைந்த அணிகளும் கோவில்பட்டியும்

தூத்துக்குடி என்றதும் முத்தும் உப்பும் நினைவுக்கு வரும். அம்மாவட்டத்தின் கரிசல் நகரான கோவில்பட்டிக்கோ ஹாக்கிதான் அடையாளம். அவ்வடையாளம் நிலைத்ததுபோல் தமிழகத்தின் தொழில்முறை ஹாக்கி அணிகள் நிலைக்கவில்லை. 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக்கில் இறங்கிய சென்னை வீரன்ஸ், அந்த லீக் 2008உடன் நின்றதும் மறைந்தது. 2012இல் வேர்ல்ட் சீரீஸ் ஹாக்கிக்கென வந்த சென்னை சீட்டாஸ் ஒரே பருவம்தான் ஆடியது. 2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழகத்துக்கு அணியே இல்லை. அது 2024 டிசம்பரில் புத்துயிர் பெற்றபோதுதான் தமிழ்நாடு டிராகன்ஸ் பிறந்தது. அதில் ஆடிய கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர்; கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பயின்றவர். 2022 ஆசியக் கோப்பையில் அவருடன் இந்திய அணிக்கு அறிமுகமான மாரீஸ்வரன் சக்திவேல் கோவில்பட்டிக்காரர். அணிகள் கலையும்போதெல்லாம் மிஞ்சுவது அவ்வூரின் விடுதியும் மைதானமுமே. நம் கவனமும் நிதியும் முதலில் சேர வேண்டிய இடம் அதுவே.