சீகிரியாவில் ஒரு போர்க்கால விமானப் பிரிவு



மாத்தளை மாவட்டத்தின் வட பகுதியிலே, காட்டின் நடுவே தனித்து உயர்ந்து நிற்கும் சீகிரியாக் குன்றை அறியாதார் இலர். ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்ப மன்னன் அதன் உச்சியில் அரண்மனை அமைத்தான். அங்கே நின்று நோக்கினால் நாற்றிசையும் நெடுந்தூரம் கண்ணுக்குப் புலனாகும். அம்மன்னன் மறைந்து பதினான்கு நூற்றாண்டுகள் சென்றபின், அக்குன்றுக்கு அண்மையிலே வேறொரு காவல் நிலையம் தோன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது அமைந்த சீகிரியா விமானத் தளமே அது.

அத்தளத்தின் தேவையை உணர வேண்டுமாயின், 1942ஆம் ஆண்டை நினைவுகூர்தல் வேண்டும். பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் அந்தமான் தீவுகள் யப்பானியர் வசமாயின. ஏப்ரில் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து சென்ற கட்டலீனா விமானம் ஒன்று, இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையைக் கண்டது. அதனைச் செலுத்தியவர் கனடா நாட்டவரான லெனாட் பேர்ச்சல். எச்சரிக்கைச் செய்தி அனுப்பப்பட்டது. ஆயினும் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பியோர் சிறைப்பட்டனர். மறுநாள் கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டுகள் விழுந்தன. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. நம் கரையைக் காக்க வேண்டுமாயின் கடலின் அக்கரையையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதை அந்த ஒரு வாரம் உணர்த்திற்று.

அவ்வாறு அக்கரையை நோக்கும் கண்ணாக அமைந்தது, பிரித்தானிய விமானப் படையின் 160ஆம் பிரிவு. 1942 சனவரியில் இங்கிலாந்திலே மீண்டும் நிறுவப்பெற்ற இப்பிரிவின் விமானங்கள், முதலில் மத்திய கிழக்குப் போர்முனையிலே பணியாற்றின. 1943 பெப்ரவரியில் இப்பிரிவு இரத்மலானைக்கு வந்தது; அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் சீகிரியாவுக்கு இடம்பெயர்ந்தது. ஓராண்டு காலம் சீகிரியாவே அதன் இருப்பிடமாயிற்று.

அதன் விமானங்கள், நான்கு இயந்திரங்களைக் கொண்ட லிபரேட்டர்கள். குண்டுகளைச் சுமப்பதற்கென அமைந்த அறையிலே மேலதிக எரிபொருள் தாங்கிகளைப் பொருத்தி, நிழற்படக் கருவிகளுடன் அவை புறப்படும். சீகிரியாவிலிருந்து வட சுமாத்திராவின் முனை ஏறத்தாழ 1,000 மைல் தொலைவில் உள்ளது. போகவும் வரவும் 2,000 மைல், பெரும்பாலும் கடல், இடையிலே இறங்க இடமில்லை. அத்துணை தூரம் துணைவரக்கூடிய போர் விமானம் எதுவும் இலங்கையில் இருக்கவில்லை. ஆகவே, பகைவரின் வானிலே பட்டப்பகலில் தனித்தே பறந்து, அந்தமான், நிக்கோபார் தீவுகளையும் சுமாத்திராக் கரையையும் படமெடுத்து மீளவேண்டியதாயிற்று. புறப்பட்ட விமானங்கள் எல்லாம் திரும்பி வரவில்லை.

இத்துணை இடர்ப்பட்டு எடுத்த படங்களால் விளைந்த பயன் யாது என நீங்கள் வினவலாம். 1944 ஏப்ரிலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் தில்லியிலிருந்து கண்டிக்கு அருகே பேராதனைக்கு வந்தது. வட சுமாத்திராவிலே படையிறக்கும் திட்டம் ஒன்று அவர்களிடம் இருந்தது. போதிய தரையிறங்கு கலங்கள் கிடைக்காமையால் அத்திட்டம் நிறைவேறவில்லை. படத்திலே கண்ட அக்கரையில், போர் முடியும்வரை நேச நாட்டுப் பெரும்படை கால்வைக்கவே இல்லை. எனினும், அப்பணியை வீணென்று சொல்லிவிட முடியாது. 1942இல் பகைவன் வந்தபின்னரே அவனைக் கண்ட இலங்கை, அவன் துறைமுகத்தில் இருக்கும்போதே அவனை நோக்கும் நிலைக்கு உயர்ந்தது.

1944 ஆகஸ்டில் இப்பிரிவு நம் வடகரையிலுள்ள காங்கேசன்துறைக்கும், நவம்பரில் மின்னேரியாவுக்கும் சென்றது. 1945 மார்ச்சில் மின்னேரியாவிலிருந்து சிங்கப்பூர்வரை பறந்து கடற்கண்ணிகளை இட்டது. போகவர 3,000 மைலுக்கு மேற்பட்ட பயணம் அது. மலாயாவிலும் சுமாத்திராவிலும் மறைந்து போராடியோருக்குப் பொருள்களையும் வானிலிருந்து இறக்கியது. போர் முடிந்தபின் 1946இல் பிரித்தானியாவுக்கு மீண்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி அதற்கு 120ஆம் பிரிவு என்னும் வேறு எண் வழங்கப்பட்டது. 160 என்னும் பெயர் அன்றோடு மறைந்தது.

ஆனால், அதன் சின்னம் நம் நாட்டை நினைவூட்டுகிறது. வாளேந்திய சிங்கம் ஒன்று அதிலே இருக்கிறது. அதன் கீழே சிங்கள மொழியிலே, 'நாம் தேடித் தாக்குவோம்' என்னும் பொருள்பட ஒரு வாசகம் உள்ளது. தாக்கியோரின் பெயரை வரலாறு எளிதில் நினைவில் வைக்கிறது. தேடச் சென்றோர் ஒரு சுருள் நிழற்படத்தோடு திரும்பினர். அல்லது திரும்பாமலே போயினர். அவர்களுக்கு அத்தகைய புகழ் கிட்டவில்லை.

போருக்குப் பின் கைவிடப்பட்டுக் கிடந்த ஓடுபாதையை 1980களில் இலங்கை விமானப் படை மீண்டும் பயன்படுத்தத் தொடங்கியது. இன்று உள்நாட்டு விமானங்களும் அங்கே இறங்குகின்றன. காசியப்பனின் ஓவியங்களைக் காணச் செல்லும் நேயர்கள், குன்றின் உச்சியில் நிற்கும்போது அந்த ஓடுபாதை இருக்கும் திசையையும் ஒருமுறை நோக்குவார்களாக. இத்தீவுக்காகக் கடலைக் கடந்து பார்த்த கண்கள் புறப்பட்ட இடம் அது.